சென்னையில் பிழைக்க எந்த வேலை? நல்ல நாளை விடுங்கள், கெட்ட மாதத்தைப் பாருங்கள்

பன்னிரண்டாவது வரை படித்தவர். வயது முப்பதை ஒட்டி. மனைவி, இரண்டு குழந்தைகள், வியாசர்பாடியிலோ பெரும்பாக்கத்திலோ ஒரு சின்ன வீடு, சொல்லிக்கொள்கிற மாதிரி சேமிப்பு கிடையாது. சென்னையில் இப்படி ஒருவர் வேலை மாற நினைத்தால், அவர் முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள்தான் இருக்கும். ஏஜென்சி மூலம் மாதச் சம்பளம், அதாவது செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், குடோன், இல்லையென்றால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் கான்ட்ராக்ட். பைக்கை வைத்து டெலிவரி. கட்டட வேலை. சொந்தமாக ஒரு தள்ளுவண்டி.

எது மேல் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் ஒரு நாள் கூலியில்தான் ஆரம்பிக்கும். "டெலிவரில ஒரு நாளைக்கு ஆயிரம் பாக்கலாம்", "கொத்தனாருக்கு ஆயிரத்துக்கு மேல", "செக்யூரிட்டிக்கு மாசம் பதினஞ்சுதான் தருவான்". இந்தக் கணக்கில் மாதச் சம்பளம் ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போகும். பையன்கள் கூட்டம் கூட்டமாக டெலிவரிக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. நகரத்தில் ஒரு குடும்பம் ஏழ்மையில் விழுவது சாதாரண மாதத்தில் நடப்பதில்லை. வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் எப்படியோ ஓட்டிவிடுவார்கள். மழை பிடித்துக்கொள்ளும் ஒரு நவம்பர், டைபாய்டு வந்த இரண்டு வாரம், வண்டியிலிருந்து விழுந்து கை உடைந்த ஒரு மாதம், ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன், இவற்றில் ஏதோ ஒன்றில்தான் வட்டிக்கு வாங்குவார்கள். பிறகு நல்ல மாதத்து வருமானமெல்லாம் அந்த வட்டிக்கே போகும். அதனால் ஒரு வேலையை எடைபோட மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். எல்லாச் செலவும் போகக் கையில் எவ்வளவு நிற்கிறது? மோசமான மாதத்தில் அது எவ்வளவாகக் குறையும்? அப்படிக் குறைந்தால் யார் கொடுப்பார்கள்?

வறுமைக்கோடு இதற்கு உதவாதா என்று கேட்கலாம். 2014-இல் ரங்கராஜன் குழு, 2011-12 விலையில், நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 47 ரூபாய் என்று கோடு போட்டது, மாதத்துக்கு 1,407. அதற்கு முந்தைய டெண்டுல்கர் கோடு 33 ரூபாய்தான். விலைவாசி ஏறியிருக்கிறதே என்று ரங்கராஜன் தொகையை இரட்டிப்பாக்கினாலும் நான்கு பேர் குடும்பத்துக்கு 11,256 ரூபாய்தான் வரும். மேலே சொன்ன நான்கு வேலைகளில் எதை மாதம் முழுக்கச் செய்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் என்ன ஆனது என்பதைக் கோடு காட்டாது. கடனையும் அது எண்ணாது.

மாதச் சம்பளம்: ஸ்லிப்பை ஒழுங்காகப் படிப்போம்

கணக்குக்கு எளிதாக, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், 1,800 பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், ஏறத்தாழ 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாகப் போகும்.

பெரும்பாலானவர்கள் ஸ்லிப்பை இதோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். முதலாளி பக்கத்தைப் பாருங்கள். அவரும் பி.எஃப்.புக்கு 1,800 கட்டுகிறார். அதில் 1,250 ஓய்வூதிய நிதிக்குப் போக, மீதி 550 உங்கள் கணக்கில் சேரும். உங்கள் 1,800-உடன் சேர்த்து மாதம் 2,350. வருடத்துக்கு வட்டி இல்லாமலே 28,200. 2024-25-க்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். ஆக இந்த வேலையின் உண்மையான மாத வருமானம் 13,087 இல்லை, 15,437. அதில் ஒரு பகுதி கைக்கு எட்டாத இடத்தில் சேர்கிறது, அவ்வளவுதான். தின வசூலுக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரர் வாசலில் நிற்கும்போது எட்டாத இடத்தில் பணம் இருப்பது எரிச்சலாக இருக்கும். ஆனால் எட்டும் இடத்தில் இருந்திருந்தால் அது எப்போதோ கரைந்திருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இ.எஸ்.ஐ.க்கு முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், சுமார் 488 ரூபாய். நீங்கள் கட்டும் 113-ஐச் சேர்த்தால் மொத்தம் அறுநூறு. இந்த அறுநூறு ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? குடும்பம் முழுவதற்கும் வைத்தியம், வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே. கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. கூட்டத்தைப் பற்றியும் வரிசையைப் பற்றியும் புகார் சொல்லாதவர் கிடையாது. இருந்தாலும் என் பார்வையில் வைத்தியம் இதில் இரண்டாவது லாபம்தான். முதல் லாபம், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் பணம் வருவது. டாக்டர் சான்றிதழோடு உடம்பு சரியில்லாமல் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். வேலையில் அடிபட்டால், குணமாகி வேலைக்குத் திரும்பும் வரை 90 சதவீதம். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதில் சேரும். ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: நோய்க்கால ரொக்கம் புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே கிடைக்காது, முதல் ஒன்பது மாதம் தாண்ட வேண்டும்; குறைந்தது 78 நாள் சந்தா விழுந்திருக்கவும் வேண்டும். வேலைக் காயத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

இந்த இடத்தில் ஒருவர் கேட்பார்: "அதான் முதல்வர் காப்பீடு இருக்கே, ஜி.எச். இருக்கே, அப்புறம் எதுக்கு இ.எஸ்.ஐ.?" நியாயமான கேள்வி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை உண்டு. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையில் எலும்பு முறிவுக்குக் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் சென்னையில் வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும், வாடகை கிடைக்காது. நாற்பத்தைந்து நாள் கட்டுப்போட்டு உட்கார்ந்திருப்பவரின் வீட்டுக்கு அரிசி ரேஷனில் விலையில்லாமல் வரும், பிள்ளைக்குப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் கிடைக்கும். வீட்டுக்காரருக்கு யார் கொடுப்பது? நான்கு வேலைகளில் இதற்குப் பதில் வைத்திருப்பது மாதச் சம்பளம் ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் பேச விரும்பாதது. பி.எஃப். சந்தாதாரர் பணியில் இருக்கும்போது இறந்துபோனால், நாமினிக்கு 7 லட்சம் வரை காப்பீட்டுத் தொகை வரும். இதற்குத் தொழிலாளியிடம் ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை. நாமினி பெயரை ஆன்லைனில் போடாமல் விட்டு, பிறகு மனைவி அலுவலகம் அலுவலகமாக அலைவது இந்த ஊரில் வாடிக்கை. ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை அது.

குறைகள் இல்லாமல் இல்லை. செக்யூரிட்டி என்றால் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. ரிலீவர் வரவில்லை என்றால் இருபத்து நான்கு. சம்பளம் ஏழாம் தேதி என்று சொல்லிவிட்டுப் பதினைந்தில் போடும் ஏஜென்சிகள் உண்டு. டெண்டர் மாறினால் ஏஜென்சி மாறும்; பி.எஃப். கணக்குகளை ஒன்றாக இணைக்கும் பழைய யூ.ஏ.என். எண்ணைக் கேட்காமல் புதிதாக ஒன்றைத் திறந்துவிடுவார்கள். மூன்று வருடத்தில் மூன்று எண், மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பணம். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை காட்ட வேண்டும் என்பதால் இந்தச் சிதறல் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும். அப்புறம் சம்பளத்தை உடைக்கும் தந்திரம்: அடிப்படை 7,000, மீதியெல்லாம் ‘அலவன்ஸ்’. பி.எஃப். அந்த ஏழாயிரத்துக்கு மட்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் இப்படி அலவன்ஸ் என்று ஒதுக்க முடியாது. சட்டம் வந்துவிட்டது, ஸ்லிப்பில் வந்திருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

டெலிவரி: ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது

டெலிவரியின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. லைசென்ஸ், ஆர்.சி., ஆதார், பான், பேங்க் பாஸ்புக் இருந்தால் சில நாளில் வேலை தொடங்கலாம். சிபாரிசு வேண்டாம், சூப்பர்வைசர் தொல்லை இல்லை, வாரா வாரம் பணம் அக்கவுண்டில் விழும். குரூப் 4-க்குப் படிக்கிற பையனுக்குக் காலையில் கோச்சிங், மாலையில் பீக் ஹவர் என்று இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

குடும்பஸ்தருக்குக் கணக்குப் போடுவோம். நாள் ஒன்றுக்கு ஆயிரம், மாதம் 26 நாள்: 26,000. ஒரு நாளில் 120 கிலோமீட்டர் ஓடுகிறார். வண்டி லிட்டருக்கு 48 கொடுத்தால் இரண்டரை லிட்டர்; பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி இருப்பதால் தினம் 250, மாதம் 6,500. ஆயில், சர்வீஸ், டயர், பிரேக் ஷூ, மொபைல் ரீசார்ஜ் எல்லாம் சராசரியாக 2,000. பைக் தவணை 3,500. மீதி 14,000.

இப்போது மணிக்கணக்கில் பாருங்கள். ஆயிரம் ரூபாய் பார்க்க லாகின் பன்னிரண்டு மணி நேரம் என்றால், மாதத்துக்கு 312 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 45 ரூபாய். அதே பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குக் கைக்கு வருவது மணிக்கு 42, பி.எஃப்.பையும் சேர்த்தால் 49-க்கு மேல். ஆயிரத்துக்கும் ஐந்நூறுக்கும் நடக்கிற போட்டி மாதிரி வெளியில் தெரிவது, செலவைக் கழித்தால் இங்கே வந்து நிற்கிறது. தவணை முடிந்த வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும் 17,500 நிற்கும். அவருக்கு டெலிவரி நிச்சயம் மேல், அதாவது அந்த வண்டி ஓடும் வரை. மாதம் 3,120 கிலோமீட்டர் என்றால் மூன்று வருடத்துக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். நூறு சி.சி. வண்டிக்கும், ஓட்டுகிறவரின் முதுகுக்கும் அது பெரிய தூரம்.

கெட்ட மாதம் டெலிவரிக்கு விசித்திரமாக வரும். மழை பெய்தால் ரேட் ஏறும், ‘சர்ஜ்’ என்பார்கள், அன்றுதான் நல்ல காசு. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முழங்கால் தண்ணீரில் வண்டி தள்ளியவர்களுக்கு அந்தக் காசு எப்படி வந்தது என்று தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் வடியாத ஏரியாவில் சர்ஜும் இல்லை, ஆர்டரும் இல்லை. இதைவிட மோசமானது, புகார் ஒன்று வந்து ஐ.டி.யை ஆஃப் செய்துவிடுவது. யாரிடம் போய்ப் பேசுவது? ஆப்பில் ஒரு சாட் இருக்கும், அது ‘உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது’ என்று சொல்லும். சூப்பர்வைசர் இல்லாத வேலையின் மறுபக்கம் இதுதான். அன்றைக்குத் திட்டு வாங்குவதற்குக்கூட ஒரு சூப்பர்வைசர் இருந்தால் தேவலை என்று தோன்றும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் இணையவழி சேவைத் தொழிலாளர்களுக்கென்று 2023-இல் தனி நல வாரியம் வந்தது. 2025-26 பட்ஜெட்டில், வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். அண்ணா நகரில் மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்தது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஓய்வறை நல்ல காரியம், வெயிலில் நின்றவருக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் கை உடைந்த மாதத்து வாடகைக்கு இவற்றில் எதுவும் இன்னும் பதில் ஆகவில்லை. நிறுவனங்கள் தரும் விபத்துக் காப்பீடும் பெரும்பாலும் ஆர்டர் ஓடும்போது நடந்த விபத்துக்குத்தான். லாக்-அவுட் செய்து வீடு திரும்பும்போது விழுந்தால் கதை வேறு.

கட்டட வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதன் பலமும் பலவீனமும் ஊருக்கே தெரியும். கூலி நன்றாக இருக்கும், நாட்கள்தான் இருக்காது. ஹெல்ப்பருக்கு 800, இருபது நாள் வேலை என்றால் 16,000. வடகிழக்குப் பருவமழை வலுத்த மாதத்தில் எட்டு நாள் கிடைத்தால் 6,400. ஆடியிலும் மார்கழியிலும் புதிதாகப் பூமி பூஜை போடுபவர்கள் குறைவு, அதன் அடி பிந்தைய மாதங்களிலும் தெரியும். காலை ஆறரைக்குச் சந்திப்பில் தூக்குவாளியோடு நிற்பவர்களில் எட்டரை மணிக்கும் நிற்பவர்களுக்கு அன்று வேலை இல்லை என்று அர்த்தம். பெண் என்றால் அதே சுமைக்குக் குறைந்த கூலி. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதை மேஸ்திரியிடம் சொல்லிப் பயனில்லை.

டைல்ஸ், எலக்ட்ரிக்கல், பிளம்பிங் கற்றவர்கள் வேறு ரகம். மழையிலும் கூரைக்குக் கீழே வேலை இருக்கும், கூலியும் அதிகம். ஹெல்ப்பராகப் போவதென்றால், கற்றுக்கொடுக்கிற ஆளோடு போனால் மட்டுமே அதில் அர்த்தம் இருக்கிறது. மற்றபடி கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இந்த வேலையில் ஒரு நாளும் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, விபத்து மரணத்துக்கு நிதி, அறுபது வயதில் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. கட்டடச் செலவில் ஒரு சதவீதத்தை அரசு நல வரியாக வாங்குவதே இதற்காகத்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறப்பவர்கள்தான் அதிகம்.

தள்ளுவண்டி: லாபம் யாருக்கு

நான்கில் மனசுக்குப் பிடித்த வழி இதுதான், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம். வெற்றி பெற்றவர்களும் இதில்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். வண்டியில் ஆரம்பித்துக் கடை பிடித்தவர், அப்புறம் இரண்டாவது கடை. மூடிவிட்டுப் போனவர்கள் கண்ணில் படுவதில்லை, அந்த இடத்தில் வேறு வண்டி நிற்கும்.

மாலை டிபன் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விற்பனை 4,000, மாவு, எண்ணெய், காஸ், பார்சல் கவர் எல்லாம் 2,600. மீதி 1,400. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மாவு ஆட்டியது, சட்னி அரைத்தது, பாத்திரம் கழுவியது மனைவி. அந்த உழைப்புக்குக் கணக்கு எழுதுவாரில்லை. இரண்டு பேர் வருமானத்தை ஒருவர் வருமானமாகச் சொல்கிறோம். மழை பெய்தால் விற்பனை பூஜ்யம், ஊறவைத்த அரிசி வீண். மாமூல் தனி. ஒரு மந்திரி வரும் நாளிலோ சாலை அகலப்படுத்தும் நாளிலோ வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அது தனிக் கதை.

எல்லாவற்றையும்விடத் தண்டல். பத்தாயிரம் கேட்டால் 1,500-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார். தினம் நூறு, நூறு நாள். மாலை ஆறு மணிக்குப் பைக்கில் வந்து, எஞ்சினை அணைக்காமலே அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். ‘1,500 ரூபாய்தானே, 15 சதவீதம்’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். முழு 8,500 உங்கள் கையில் நூறு நாள் இருப்பதே இல்லை. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் வருட வட்டி 120 சதவீதத்தை ஒட்டி வரும். தண்டல் முடிவதற்குள் அடுத்த தண்டல், வருடம் முழுக்க ஓடும். 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அதற்கு மாற்றாக 2020-இல் பி.எம். ஸ்வாநிதி கடன் வந்தது. இப்போது முதல் தவணைக் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000; திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பிணை தேவையில்லை, வட்டியில் 7 சதவீதம் மானியமாகத் திரும்பும். தெரு வியாபாரிகள் சட்டம் 2014-இன்படி மாநகராட்சி தரும் அடையாள அட்டை இருந்தால் காரியம் சுலபம். என் முடிவு இதுதான்: அட்டையும் வங்கிக் கடனும் கைக்கு வந்த பிறகு வண்டி போடலாம். தண்டலில் தொடங்கப் போவதாக இருந்தால் வேண்டாம். சுவை நன்றாக இருப்பதால் மட்டும் 120 சதவீத வட்டியை ஜெயிக்க முடியாது.

எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது

மேலே போட்ட கணக்கெல்லாம் முகவரி மாறினால் மாறும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். கூவம் கரையில் இருந்தபோது நடந்து போன வேலைக்கு இப்போது இரண்டு பஸ். ஆண்களுக்கு அது காசு, பெண்களுக்கு நேரம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. என்னைக் கேட்டால் அந்தப் பகுதிப் பெண்களின் வருமானத்துக்கு எந்தத் திறன் பயிற்சியையும்விட இது அதிகம் செய்திருக்கிறது. பெரும்பாக்கத்திலிருந்து அடையாறுக்கு வந்து மூன்று வீடு பார்க்கும் அக்காவுக்கு, முன்பு ஒரு வீட்டுச் சம்பளத்தில் பெரும்பகுதி பஸ்ஸுக்கே போய்விடும்.

டெலிவரிக்காரருக்கு அதே முகவரி வேறு மாதிரி. ஓ.எம்.ஆர். பக்கத்திலேயே இருப்பதால் ஆர்டர் கிடைக்கும். வடசென்னையில் இருந்துகொண்டு தென்சென்னை ஏரியாவில் ஓட்டுபவருக்குப் போகவர நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வெறும் வண்டியாக ஓடும்; அதற்கு யாரும் தருவதில்லை. ஒரகடம் கம்பெனி வேலைக்குப் போகிறவர் கம்பெனி பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கிறது என்று முதலில் கேட்க வேண்டும், சம்பளத்தை அப்புறம் கேட்கலாம்.

ஆளுக்கு வேலை தேடாதீர்கள், வீட்டுக்குத் தேடுங்கள்

இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் இரண்டு பேரும் ஏறி இறங்கும் வருமானத்தில் இருக்கக் கூடாது. நான்கு வழிகளையும் ஒப்பிட்டபின் எனக்கு உறுதியாகத் தெரிவது இது ஒன்றுதான். கணவன் கொத்தனார், மனைவி பூக்கட்டி விற்பவர் என்றால் இரண்டு வருமானமும் ஒரே மழையில் நிற்கும். அவர்களில் ஒருவர், குறைந்த சம்பளமாக இருந்தாலும், இ.எஸ்.ஐ. எண் உள்ள ஒரு வேலையில் இருந்தால் குடும்பமே அந்த எண்ணுக்குள் வந்துவிடும். ஐ.டி. பார்க்கில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் மனைவி, தவணை முடிந்த பைக்கில் டெலிவரி ஓட்டும் கணவன்: இந்தக் கூட்டணியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பெண்ணின் பஸ் செலவு பூஜ்யம், ஆணின் வருமானத்தில் ஏற்றம் இருக்கும், இறங்கினால் தாங்க ஒரு சம்பளம் இருக்கும். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து மாதா மாதம் வருவதால், தகுதி உள்ள வீட்டில் அது மூன்றாவது நிலையான வரவு.

சம்பாதிப்பவர் ஒருவர்தான் என்றால் தயக்கமே இல்லாமல் மாதச் சம்பளம். டெலிவரியில் இரண்டாயிரம் கூடுதலாகத் தெரிந்தாலும் சரி. கல்யாணமாகாதவர், பெற்றோர் வீட்டில் இருப்பவர், வாடகைக் கவலை இல்லாதவர் டெலிவரியோ டைல்ஸ் வேலையோ எடுத்துக்கொள்ளலாம். கெட்ட மாதத்தில் அவரைத் தாங்க ஒரு வீடு இருக்கிறது. கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணமும் வங்கிக் கடனும் உள்ளவர் தள்ளுவண்டியை யோசிக்கலாம், ஆனால் தை மாதத்துக்குப் பிறகு. ஐப்பசியில் தொடங்கியவர்கள் முதல் தண்டலை மழைக்குத்தான் வாங்கியிருப்பார்கள்.

மாதச் சம்பளத்துக்கு இவ்வளவு பரிந்து பேசியது ஒரு நிபந்தனையோடுதான். சேர்ந்து மூன்றாவது மாதம் மத்திய அரசின் உமங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள், இ.எஸ்.ஐ. எண்ணைக் கொண்டு மருந்தகத்தில் ஒரு தடவை சீட்டு போட்டுப் பாருங்கள். பிடித்தம் ஸ்லிப்பில் இருந்து, பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால், ஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் எடுத்துக்கொண்டு ராயப்பேட்டையில் உள்ள பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், ஆன்லைனிலும் கொடுக்கலாம். ஸ்லிப்பே தர மறுக்கும் ஏஜென்சியில் 15,000 என்று சொன்னால், அதை 15,000 என்று மட்டும் எண்ணுங்கள். அந்த வேலையோடு ஒப்பிட்டால் தவணை முடிந்த பைக் உள்ளவருக்கு டெலிவரியே மேல்.